அசல் சான்றிதழ்களோடு மாலத்தீவுக்கு

கோவில்பட்டி

மாலத்தீவில் கணக்கு டீச்சர் வேலை என்று முடிவானதும் நான் முதலில் போய் நின்ற இடம், அதுவரை பாடம் நடத்திக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்தின் ஆபீஸ் ரூம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் தொடங்கி பி.எட். பட்டம் வரை என் அசல் சான்றிதழ்கள் எல்லாம் அங்கே ஓர் இரும்பு பீரோவுக்குள் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நம் ஊர்த் தனியார் பள்ளிகள் பலவற்றிலும் சுயநிதிக் கல்லூரிகள் சிலவற்றிலும் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. கல்வியாண்டின் நடுவில் விட்டுப் போய்விடக் கூடாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். சம்பளம் தள்ளிப்போகும் மாதத்திலும் ஆசிரியர்கள் வாய் திறக்காமல் இருப்பது அந்த பீரோவை நினைத்துத்தான் என்று ஸ்டாஃப் ரூமில் நாங்கள் பேசிக்கொள்வோம். கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல, அதைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படி ஒரு தீர்ப்பு இருப்பதே பல டீச்சர்களுக்குத் தெரியாது.

அப்பா கூட வந்தார். தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்த்தவர். குரலை உயர்த்திப் பேசிப் பழக்கமில்லாதவர். தாளாளர் முன்னால் நின்றுகொண்டே சொன்னார்: “சார், அவ படிச்சதுக்கு அந்தப் பேப்பர்தான் சாட்சி. சாட்சி படிச்சவ கையில இருக்கணும்ல?” முழுப் பரீட்சை முடியட்டும் என்றார் தாளாளர். முடிந்தது. ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையைக் கொடுத்தார்கள். அந்துருண்டை வாசனை. பிளஸ் டூ மார்க் ஷீட்டின் மேல்மூலையில் ஜெம் கிளிப் துருவேறி, எடுத்த பிறகும் அதன் வளைவு பழுப்பாகத் தாளிலேயே தங்கிவிட்டிருந்தது. அந்தக் கறை இன்றைக்கும் இருக்கிறது.

வெளிநாட்டில் கற்பிக்க விசா வேண்டும் என்றால் நாம் யார், என்ன படித்தோம், நம் மேல் வழக்கு ஏதும் உண்டா என்று ஒவ்வொன்றையும் ஒவ்வோர் அலுவலகம் எழுதித் தர வேண்டும். இதில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: இனிஷியல். என் சான்றிதழ்களில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் அதே எழுத்து அப்பாவின் முழுப்பெயராக விரிந்து என் பெயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. நமக்கு இரண்டும் ஒரே ஆள். அடுத்த நாட்டு அதிகாரி அப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று என்ன கட்டாயம்?

தாலுகா ஆபீஸ் பக்கம் வேப்பமரத்து நிழலில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சியிடம் போனோம். இந்த வட்டாரத்தில் பாதிப் பேருடைய மனுக்கள் அவர் விரல் வழியாகத்தான் போயிருக்கும். இரண்டு பெயரும் ஒரே நபரையே குறிக்கும் என்று பிரமாணப் பத்திரம் அடித்தார். அடிப்பதற்கு முன்னால் பாஸ்போர்ட்டையும் மார்க் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சில் முனையால் எழுத்தெழுத்தாகத் தொட்டுப் பார்த்தார். “டீச்சர், உங்க அப்பா பேர்ல ஆங்கிலத்துல ரெண்டு ‘எஸ்’ வருது. அம்மா ஆதார்ல ஒண்ணுதான் இருக்கு. அதையும் சேர்த்துச் சொல்லிருவோம். பின்னால எவனும் கேள்வி கேக்கக் கூடாது.” என்னைவிட அவருக்குத்தான் என் பயணத்தில் அக்கறை அதிகம் என்று தோன்றியது. கூலி வாங்கிக்கொண்டு, “அந்த ஊர்லயும் கணக்குன்னா பிள்ளைங்க பயப்படுமா?” என்று கேட்டார்.

காவல்துறை நற்சான்றுக்கு பாஸ்போர்ட் அலுவலகத்தில் விண்ணப்பித்தால், விசாரிக்க உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து ஆள் வருவார்கள். எங்கள் தெருவுக்கு வந்த ஏட்டையா திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சாட்சி கேட்டார். எதிர்வீட்டு ஆச்சி இட்லிக்கொப்பரையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார். “இவளா? இவ கிட்டத்தான் எம் பேரன் பெருக்கல் வாய்ப்பாடு படிச்சான்” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஏட்டையா அதை எழுதிக்கொள்ளவில்லை. எழுதியிருக்கலாம். ஓர் ஆசிரியரைப் பற்றி அதைவிட நல்ல சான்று அந்த ஃபைலில் வேறு எதுவும் இல்லை.

அபிஷேகப்பட்டி

கோவில்பட்டியின் கரிசல் காட்டிலிருந்து தெற்கே இறங்க இறங்க மண் சிவக்கிறது. திருநெல்வேலி தாண்டி மேற்கே திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாக எழுந்து நிற்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இந்தப் பொட்டல் வெளியில் இருக்கிறது. 1990-இல் தொடங்கியது. பட்டம் வாங்கியபோது வந்ததற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனதில்லை. எந்த நாட்டுக்குப் போனாலும் பட்டம் உண்மையானதுதான் என்று பல்கலைக்கழகமே சொல்லும் உண்மைத்தன்மைச் சான்று உதவும் என்று, ஏற்கெனவே மாலத்தீவில் இருக்கும் ஒரு டீச்சர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் வந்தேன்.

தேர்வுப் பிரிவில் ஒரு வயதான அலுவலர் கம்ப்யூட்டரில் என் பதிவெண்ணைத் தட்டிப் பார்த்தார். அதோடு விடாமல் எழுந்து போய் ஒரு தடித்த லெட்ஜரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்தைத் திருப்பி, ஸ்கேல் ஒன்றை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு தாளின் மதிப்பெண்ணையும் என் மார்க் ஷீட்டோடு ஒப்பிட்டார். இயற்கணிதம், பகுவியல், புள்ளியியல். ஒவ்வொன்றுக்கும் உதடு மட்டும் அசைந்தது. எனக்கு மேலே இருந்த வரியில் ஒரு பெயருக்கு எதிரே நிறைய சிவப்புச் சுழிப்புகள், அரியர்கள். என்னோடு படித்தவள்தான். இப்போது மூன்று பிள்ளைகளோடு ராஜபாளையத்தில் இருக்கிறாள். அவளுடைய ஒவ்வொரு முயற்சியும் தேதியோடு அங்கே இருந்தது. கடைசி வரியில் தேர்ச்சி என்று நீல மையில் எழுதியிருந்ததைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அவள் பாஸ் ஆனது அதுவரை எனக்குத் தெரியாது.

அந்த அலுவலர் தாளை என்னிடம் தரும்போது, “மாலத்தீவா? போன மாசம்கூட ரெண்டு பேர் வந்தாங்க. எல்லாம் இந்த ஜில்லாப் பிள்ளைகதான்” என்றார். பிறந்த ஊரை விட்டுப் பாடம் சொல்லப் போவது புதிதில்லை. இந்தப் பல்கலைக்கழகம் யார் பெயரைச் சுமக்கிறதோ அவரே ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர்; 1891-இல் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை வெளியிட்டவர். ஊர் விட்டு ஊர் வேலைக்குப் போவதற்கு அந்தக் காலத்தில் என்னென்ன கடிதம் தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸுக்கு நின்றேன். வளாகத்து உடைமரங்களுக்கு நடுவே மயில்கள் மேய்ந்தன.

பேட்டையில் இறங்கி, திருநெல்வேலிக்காரர்கள் சொதி என்று சொல்லும் தேங்காய்ப்பால் குழம்பு கிடைக்குமா என்று தேடினேன். கல்யாண வீட்டு மறுநாள் சாப்பாடு அது. கடையில் கிடைப்பது அபூர்வம். கிடைக்கவில்லை. தேங்காய்ப்பால் மேல் இருந்த அந்த ஆசை தீவுக்குப் போய்த்தான் தீர்ந்தது.

சென்னை

நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து, ஜார்ஜ் கோட்டைக்குப் போனேன். தலைமைச் செயலகத்துப் பத்து மாடி நாமக்கல் கவிஞர் மாளிகையை டிவியில் மட்டுமே பார்த்திருந்தேன். பட்டச் சான்றிதழை மாநில உயர்கல்வித் துறை சரிபார்த்து அதன் பின்பக்கத்தில் முத்திரை வைக்கும். அதன் மேல்தான் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை விழும். அமைச்சகம் தனியாட்களிடம் நேராக வாங்குவதில்லை. அது நியமித்த சேகரிப்பு மையங்களில்தான் கொடுக்க வேண்டும். இப்போது இணையவழிச் சரிபார்ப்பும் வந்திருக்கிறது. ஆனாலும் தாளைக் கையில் ஏந்தி வருபவர்கள் குறையவில்லை.

என் பக்கத்தில் ராமநாதபுரம் பக்கத்து நர்ஸ் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வளைகுடாவுக்குப் போகிறாள். அவள் பட்டத்தை அவளுடைய அப்பா வாங்கிய கையோடு லேமினேட் செய்துவிட்டார். படகில் மீன் பிடிக்கப் போகிறவர். தண்ணீர் பட்டால் தாள் என்ன ஆகும் என்று அவருக்குத்தான் தெரியும். மகளின் பட்டத்தில் ஈரம் படக் கூடாது என்று செய்தது. பின்பக்கத்தில் முத்திரை வைக்க முடியாது, உறையை எடுத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை, ஆனால் தாளை மடியிலிருந்து எடுக்கவும் இல்லை.

பாரிமுனைக்கு அழைத்துப் போனேன். உயர் நீதிமன்றத்தைச் சுற்றி நோட்டரிகள், ஸ்டாம்ப் வெண்டர்கள், ஜெராக்ஸ் கடைகள். நாலு கடையில் கையை விரித்தார்கள். ஐந்தாவது கடையில் ஒரு பாய் தாளை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். தலைமுடி உலர்த்தும் டிரையரை எடுத்து ஒரு மூலையில் மட்டும் சூடுகாட்டினார். பிளாஸ்டிக் லேசாகக் குமிழ்ந்ததும், நகத்தால் தொடாமல், தாள்போல மெலிந்த ஒரு மூங்கில் சிம்பை உள்ளே விட்டார். சூடு, சிம்பு, சூடு, சிம்பு. எழுத்து இருக்கும் பக்கத்துக்கு வந்தபோது விசிறியை நிறுத்தச் சொன்னார். கடையில் யாரும் பேசவில்லை. துணைவேந்தரின் கையெழுத்துக்கு மேலிருந்த பிளாஸ்டிக் கழன்று வந்தபோது மை சற்றும் பிரியவில்லை. “அப்பாகிட்ட சொல்லு தாயி, இனிமே பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சா போதும்” என்றார். அவள் கொடுத்த பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று மாலை பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ கடையில் இருவரும் சாப்பிட்டோம். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூட ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டுச் சூப். பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. கடைக்காரப் பெரியவர் ரங்கூன் பக்கம் பிறந்தவர். நாங்கள் மடியில் ஃபைலோடு சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, அவருடைய அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார் என்றார். கப்பல் ஏறும்போது நகையும் பணமும் போயிற்று; சர்டிபிகேட்டும் வரவில்லை. மெட்ராஸில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துக்கொள்ளவில்லை. மண்ணடியில் மூட்டை தூக்கினார். “பேப்பரைப் பத்திரமா வச்சுக்கங்கம்மா” என்று இரண்டு முறை சொன்னார். அதன் பிறகு என் உறையைப் பையின் வெளி அறையில் நான் வைத்ததே இல்லை.

திருவனந்தபுரம்

ரயில் ஆரல்வாய்மொழி கணவாயில் நுழையும்போது ஜன்னலை மூட முடியாத காற்று. முப்பந்தல் காற்றாலைகள் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கணவாய் தாண்டினால் உலகமே பச்சை. கோவில்பட்டியில் கிணற்றில் வாளி தரை தட்டும் மாதத்தில் இங்கே வாய்க்கால் நிரம்பி ஓடுகிறது. ஒரே நாளில் கரிசலையும் வாழைத்தோப்பையும் கடந்து கடலோரத்துக்கு வந்துவிட்டேன்.

பையில் கடலைமிட்டாய்ப் பாக்கெட்டுகள். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்ச் சரக்கு. அம்மா கழுகுமலை முருகன் படத்தைக் கொடுத்துவிட ஆசைப்பட்டாள். வழிபாட்டுச் சிலைகளை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. படம் பற்றியும் சங்கடம் வேண்டாம் என்று நானே எடுத்து வைத்துவிட்டேன். அம்மாவுக்கு அது வருத்தம்தான். போகும் வீட்டின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டுத்தான் விருந்தாளி இருக்க வேண்டும் என்று அப்பா சமாதானம் சொன்னார்.

விமான நிலையத்தில் பார்த்தவுடன் தெரிந்துவிடும்: ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பவர்கள் எல்லாம் டீச்சர்கள். நாகர்கோவில், பாறசாலை, கொல்லம், விழுப்புரம். இயற்பியல், ஆங்கிலம், கணக்கு. புதிதாகப் போகிறவர்களை ஏற்கெனவே போய் வந்த ஒரு சேச்சி கூட்டி வைத்துக்கொண்டு, வேலை அனுமதிக் கடிதத்தின் பிரதியை எடுத்து மேலே வையுங்கள், பயண அறிவிப்புப் படிவத்தை இப்போதே போனில் நிரப்புங்கள் என்று மலையாளமும் தமிழும் கலந்து சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அவரை நியமிக்கவில்லை. தென்னிந்திய டீச்சர்கள் இப்படித்தான் ஒருவர் கையைப் பிடித்து ஒருவர் போய்ச் சேருகிறார்கள்.

விழுப்புரத்துத் தம்பி கையில் இருந்தது முழுக்க ஜெராக்ஸ். அசல் எங்கே என்றேன். ஏஜென்ட் வாங்கி வைத்திருக்கிறார், ஒப்பந்தம் முடிந்து வந்ததும் தருவாராம் என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நம்மூர் பீரோவிலிருந்து தப்பித்து இன்னொரு பீரோவுக்குள்! “பாஸ்போர்ட்டை அங்க யார் கேட்டாலும் கொடுக்காத தம்பி. முத்திரை வைக்கக் கொடுத்தா திரும்ப வாங்கிரு” என்றேன். 1967-ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. எந்த முதலாளிக்கும் அதைப் பிடித்து வைக்க உரிமையில்லை. அதைக் கேட்டு அவன் தலையாட்டினான். சான்றிதழைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மாலே

ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டோம். கடிகாரத்தை அரைமணி பின்னால் தள்ள வேண்டும். ஓடுபாதையின் இரண்டு ஓரமும் தண்ணீர். வேலனா விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. 2018-இல் திறந்த பாலத்தில் கடலைக் கடந்தால் மாலே. நம்மூர்ப் பேரூராட்சி ஒன்றின் அளவுகூட இல்லாத இடத்தில் மாடி மேல் மாடியாக எழும்பியிருக்கும் தலைநகரம். தெரு என்றால் ஸ்கூட்டர்கள். ஸ்கூட்டர்களுக்கு நடுவே இன்னும் ஸ்கூட்டர்கள்.

குடிவரவு மேஜையில் இருந்த பெண் என் வேலை அனுமதிக் கடிதத்தைப் படித்துவிட்டு, “மேத்ஸ்?” என்று கேட்டுச் சிரித்தார். தன்னுடைய கணக்கு டீச்சரும் இந்தியா என்றார். அந்த நாட்டில் இதைச் சொல்லாதவர்களைப் பார்ப்பது கடினம். மாலேயில் 1960-களின் தொடக்கத்தில் ஆங்கில வழிக் கல்வி வந்தபோது இலங்கையிலிருந்து ஆசிரியர்கள் போனார்கள்; பிறகு இந்தியர்கள். தூரத் தீவு ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடம் வந்தபோது அங்கெல்லாம் கேரளத்துக்காரரும் தமிழ்நாட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார்கள்.

விசா அட்டை கைக்கு வருவதற்கு முன் மருத்துவச் சோதனை. ரத்தம், மார்பு எக்ஸ்ரே. ரத்தம் எடுத்த பையனிடம் இத்தனை கண்டிப்பு ஏன் என்று கேட்டேன். 2015-இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார அமைப்பின் சான்று பெற்றதைப் பெருமையாகச் சொன்னான். தாத்தா காலத்தில் தீவுக்குத் தீவு காய்ச்சலில் செத்திருக்கிறார்கள். மறுபடி உள்ளே விடக் கூடாது. என் விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு அவன் சொன்னதில் ஒரு சிறிய நாட்டின் நியாயம் முழுக்க இருந்தது.

காத்திருந்தபோது ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். அது அப்பாவின் பெயர். பாஸ்போர்ட்டில் கடைசியில் நிற்பது அதுதானே. மதுரைக்கு அப்பால் வேலையாகக்கூடப் போகாத மனிதரின் பெயர் இந்துமாக்கடலின் நடுவே ஒரு கிளினிக்கில் ஒலிபெருக்கியில் கேட்டது. எழுந்து போனேன். அதற்குப் பிறகு வங்கியிலும் கல்வி அமைச்சகத்திலும் அப்படித்தான் அழைத்தார்கள். ஒற்றை எழுத்தாகச் சுருங்கிக் கிடந்தவர் முழுதாக என்னோடு வந்துவிட்டார்.

மாலத்தீவில் பட்டங்களை எடைபோட ஒரு தகுதிகள் ஆணையம் இருக்கிறது. எந்த நாட்டுப் படிப்பு தங்கள் நிலைகளில் எங்கே நிற்கும் என்று அது சொல்லும். சம்பளம் அதைப் பார்த்துத்தான். அங்கே அபிஷேகப்பட்டி சான்றை மேலே வைத்துக் கொடுத்தேன்.

மாலையில் துறைமுகப் பக்கம் நடந்தேன். மீன் மார்க்கெட்டில் சூரையை நிமிஷத்தில் நாலாகப் பிளக்கிறார்கள். தரையெல்லாம் ரத்தம், ஆனால் கழுவிக்கொண்டே இருக்கிறார்கள். பக்கத்துக் காய்கறிச் சந்தையில் வெங்காய மூட்டைகள். தூத்துக்குடியிலிருந்து தோணிகள் தலைமுறை தலைமுறையாக மாலேக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு வருகின்றன. டீக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பஜியா, குல்ஹா என்று மீன் வைத்த பலகாரங்கள். ஹெதிகா என்று மொத்தமாகச் சொல்கிறார்கள். குல்ஹா சின்ன உருண்டை. உள்ளே மாசி, தேங்காய், மிளகாய். கடித்தவுடன் தூத்துக்குடி மாசிக்கருவாட்டு வாசனை மூக்கில் ஏறியது. ஊரை விட்டு வந்ததற்கு அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது.

பா அடோல்

ஸ்பீடு போட் வடக்கே போகப் போக, கடலின் நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆழமான இடத்தில் கறுநீலம். பவழத்திட்டு மேலே வந்தால் பாட்டில் கண்ணாடிப் பச்சை. பா அடோல் என்ற பவழத் தீவுக்கூட்டத்தில்தான் என் பள்ளிக்கூடம். 2011-இல் அது யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது. என் தீவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க ஒரு பாட வேளைகூட ஆகாது. மலை, மேடு, பள்ளம் எதுவும் கிடையாது. கடல் மட்டத்துக்கு இரண்டு மீட்டருக்கு மேல் நிலம் உயர்வதே இந்த நாட்டில் அபூர்வம். வானம் மட்டும் கரிசல் காட்டைப் போலவே தடையில்லாமல் விரிகிறது.

படகுத்துறையில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கூட்டிப் போனார்கள். பிரின்சிபால் இளம் பெண். என் உறையை வாங்கி, அசலையும் பிரதியையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, பிரதியில் பள்ளி முத்திரை வைத்துத் தேதி போட்டார். துருக்கறை படிந்த பிளஸ் டூ மார்க் ஷீட்டைத் திருப்பிப் பார்த்தார். எல்லா அசலையும் அடுக்கி, விளிம்பைத் தட்டிச் சரிசெய்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். நான் வாங்காமல் நின்றேன். “இது உங்களுடையது” என்றார் ஆங்கிலத்தில். அவருக்கு அது ஒரு நிமிஷ வேலை. பல வருஷம் ஆசிரியராக இருந்துவிட்டு, வேலையில் சேரும் நாளில் என் சான்றிதழ்கள் என் கையிலேயே இருந்தது அன்றைக்குத்தான்.

கோவில்பட்டியில் அறுபது பிள்ளைகளை அடக்கிப் பாடம் நடத்தியவள் நான். இங்கே வகுப்புக்கு இருபதைத் தாண்டவில்லை. மேல் வகுப்புகளுக்குக் கேம்பிரிட்ஜ் தேர்வு. பிள்ளைகள் கணக்கு நோட்டில் இடமிருந்து வலம் எழுதுவார்கள். மணி அடித்ததும் தங்கள் மொழியான திவேஹியின் நோட்டை எடுத்து வலமிருந்து இடம் எழுதுவார்கள். எந்தத் தடுமாற்றமும் இல்லை. வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூடம் போவது எனக்குப் பழக நாளாயிற்று.

வருகைப் பதிவேட்டில் எத்தனையோ அகமது, எத்தனையோ முகமது. பலருக்கும் அப்பா பெயர்தான் இரண்டாவது பெயர். ஆளை அடையாளம் சொல்ல வீட்டின் பெயரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு எண் இல்லை. பூவின் பெயரோ ஒளியின் பெயரோ இருக்கும். அரசு அடையாள அட்டை முகவரியிலும் அதுதான் நிற்கும். இனிஷியலுக்காக நான் அலைந்த கதையைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னேன். மாலேயில் படித்தபோது தன் பெயரிலேயே இன்னும் இரண்டு பேர் இருந்ததாகவும், சான்றிதழ் மாறிப்போய்ப் பரீட்சைத் துறையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார். வீட்டுப் பெயர் சொன்ன பிறகுதான் தீர்ந்ததாம்.

காலையில் அவர் வீட்டிலிருந்து மஸ் ஹுனி வரும். துருவிய தேங்காய், உதிர்த்த சூரை, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை. கையால் பிசைந்து, ரொஷி என்ற மெல்லிய ரொட்டியோடு. மதியம் கருதியா என்று தெளிந்த மீன் சாறு, சோற்றோடு. தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பும் அடிக்கடி உண்டு. சாயங்காலம் கடற்கரையோரம், கயிறு பின்னிய ஜோலி நாற்காலிகளில் சாய்ந்து ஊரே பேசிக்கொண்டிருக்கும். ஆண்கள் மீன் பிடிக்கப் போன கதை, பெண்கள் பிள்ளைகளின் படிப்பு. ஒரு தாய் வந்து உட்கார்ந்தால் பேச்சு கணக்குப் பாடத்துக்கு வந்துவிடும். மகன் பின்னங்களில் தடுமாறுகிறான், என்ன செய்யலாம்? இதையே எதிர்வீட்டு ஆச்சியும் கேட்பார். கடலைமிட்டாய் தீர்ந்தது இந்த ஜோலிகளில்தான்.

விழுப்புரத்துத் தம்பி தெற்கே வேறொரு அடோலில் இருக்கிறான். போன வாரம் பேசினான். பள்ளி நல்ல பள்ளி, பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள். ஆனால் சென்னையில் அரசுத் தேர்வு ஒன்றுக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைத்திருக்கிறார்கள், அசல் வேண்டும். ஏஜென்ட் பணம் கேட்கிறார். உயர் நீதிமன்றம் சொன்னதை அவனுக்கு எழுதி அனுப்பினேன். எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதியில், யாரிடம் கொடுத்தது என்று வரிசையாக ஒரு மனு எழுதச் சொன்னேன். ரசீது வாங்கவில்லையாம், வாட்ஸ்அப்பில் ஏஜென்ட் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று அனுப்பிய செய்தி இருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்துச் சேர்த்தாயிற்று. அவனுடைய அப்பா பஸ் ஏறி வந்து நேரில் கேட்டபோது, திங்கட்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை அவர் போகும்போது ஊரிலிருந்து ஒரு வக்கீலும் கூடப் போகிறார். தராவிட்டால் அங்கிருந்தே நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.